பேனாவை எடுங்கள், ராஜினாமா மட்டும் எழுதாதீர்கள்

இந்த முறை பெட்டி நிறைய ஒரே நோய். பெயர் பி.ஐ.பி. 'உங்கள் வேலைத்திறன் போதவில்லை, இத்தனை நாளில் மேம்பட்டுக் காட்டுங்கள்' என்று கம்பெனி நீட்டும் திட்டக் கடிதம். ஆள் தேறட்டும் என்றே கொடுக்கிற கம்பெனிகளும் உண்டு; வாசலைக் காட்டும் முன் கோப்பை நிரப்பிக்கொள்ளக் கொடுக்கிற கம்பெனிகளும் உண்டு. எழுதிய அத்தனை பேரும் 'பெயர் வேண்டாம்' என்கிறார்கள். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். ஊரை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும் எச்.ஆர். அதிகாரி இருந்தால் அவருக்கு இந்த ஆண்டு முழு போனஸ் கொடுக்கலாம்.

கே: ஒன்பது வருஷமாக கே.எல்.சி.சி. பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். போன வருஷம் வரை என் மதிப்பீட்டில் 'நன்று' என்றுதான் இருந்தது. புது மேனேஜர் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. மூன்று மாத பி.ஐ.பி. கொடுத்துவிட்டார். 'மனப்பான்மை மேம்பட வேண்டும்', 'பொறுப்புணர்வு போதவில்லை' என்று எழுதியிருக்கிறது. ராஜினாமா கடிதம் டைப் செய்து வைத்திருக்கிறேன். அனுப்பவா?
*– செந்தூல்*

ப: டைப் செய்ததிலேயே பாதிக் கோபம் தீர்ந்திருக்கும். மீதி தீர, அதை அழித்துவிடுங்கள்.

கம்பெனி உங்களை நீக்கினால், 'நியாயமான காரணத்தோடுதான் நீக்கினோம்' என்று நிரூபிக்கிற பாரம் கம்பெனியின் தலையில். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு, 'எழுத வைத்தார்கள்' என்று பிறகு சொன்னால் பாரம் உங்கள் தலைக்கு இறங்கிவிடும். சொக்சோவின் வேலைக் காப்புறுதியில், வேலை தேடும் காலத்துக்கென்று கொடுக்கிற உதவித்தொகையும் தானாக விலகியவருக்குக் கிடையாது. ஒரு கோபத்துக்கு இது கொஞ்சம் அதிக விலை.

1967ஆம் ஆண்டின் தொழில்துறை உறவுச் சட்டத்தில் 20ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காரணமில்லாமல் நீக்கப்பட்ட தனியார் துறை ஊழியர், சம்பளம் 1,700 வெள்ளியோ 17,000 வெள்ளியோ, அதன்கீழ் முறையிடலாம். திறமைக் குறைவு என்று சொல்லி நீக்கினால் நீதிமன்றம் எதைப் பார்க்கும்? 1987இல் ஐ.இ. புராஜெக்ட் என்ற கம்பெனியின் வழக்கில் தொழில்துறை நீதிமன்றம் ஒரு அளவுகோலை வைத்தது. குறை இன்னது என்று ஊழியரை எச்சரித்தார்களா? சரிசெய்துகொள்ளப் போதுமான வாய்ப்புக் கொடுத்தார்களா? கொடுத்தும் அவர் தேறவில்லையா? பிறகு வந்த வழக்குகளிலும் இதே அளவுகோல்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

அந்தக் கேள்விகளுக்குக் கம்பெனி முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிற விடைதான் உங்கள் கையில் இருக்கும் பி.ஐ.பி. அதே கோப்பில் உங்கள் எழுத்தும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குக் கோப்பைத் திறப்பவர் ஒருவர் பேச்சை மட்டும்தான் கேட்பார்.

இரண்டு மூன்று நாளுக்குள் மின்னஞ்சலில் பதில் அனுப்புங்கள். எந்த வேலையில், எந்தத் தேதியில், என்ன குறை? 'மனப்பான்மை'யை எதை வைத்து அளப்பீர்கள்? அளப்பவர் யார்? என்ன எண்ணிக்கை எட்டினால் தேறியதாகக் கணக்கு? அதற்கு என்ன பயிற்சி, என்ன ஆள்துணை தருவீர்கள்? கூடவே கடைசி மூன்று வருஷ மதிப்பீட்டையும் குறிப்பிடுங்கள். ஒன்பது வருஷம் 'நன்று' வாங்கியவர் நாலு மாதத்தில் எப்படிக் கெட்டுப்போனார் என்பதை விளக்க வேண்டியது அவர்கள். உங்கள் மின்னஞ்சலில் அழுகையும் வேண்டாம், கிண்டலும் வேண்டாம். கிண்டலை எனக்கு அனுப்புங்கள், நான் போட்டுக்கொள்கிறேன்.

பிறகு வாரம் ஒருமுறை, மேனேஜரோடு பேசி முடித்த அன்றைக்கே, 'இன்று நாம் பேசியது இது, நான் முடித்தது இது, நீங்கள் தருவதாகச் சொன்னது இது' என்று நாலு வரி. அவர் மறுக்கவில்லை என்றால் பேச்சு ஆவணமாகிவிடுகிறது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆதாரம் சேர்க்கிறேன் பேர்வழி என்று வாடிக்கையாளர் பட்டியலையும் விலைப் பட்டியலையும் சொந்த ஜிமெயிலுக்குத் தள்ளிவிடாதீர்கள். திறமைக் குறைவை நிரூபிக்கத் திண்டாடிக்கொண்டிருந்த கம்பெனிக்கு ஒழுங்கு நடவடிக்கை என்ற நேர்வழியை நீங்களே திறந்து கொடுத்ததாகிவிடும்.

கே: பி.ஐ.பி. தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடுமா?
*– பிரிக்ஃபீல்ட்ஸ்*

ப: போடுங்கள். கையெழுத்துக்கு மேலே, 'பெற்றுக்கொண்டேன். உள்ளடக்கத்தை ஏற்கவில்லை. பதில் தனியாக வரும்' என்று எழுதித் தேதி போடுங்கள். போடவே மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டால், பேச்சு உங்கள் வேலையை விட்டுவிட்டு உங்கள் முறுக்கைப் பற்றியதாக மாறிவிடும். பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள். படம் எடுத்துக்கொள்கிறேன் என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள், பிரதி கேட்டால் மறுக்கக் காரணம் கிடைக்காது.

கே: 'இது சும்மா ஃபார்மாலிட்டிதான் மச்சான், நான் பார்த்துக்கிறேன்' என்கிறார் என் மேனேஜர். நல்ல நண்பர். நம்பலாமா?
*– பூச்சோங்*

ப: நண்பரை நம்புங்கள். அவர் சொன்னதை அப்படியே மின்னஞ்சலில் எழுதி, 'சரிதானே?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் நண்பர். வராவிட்டால் மேனேஜர்.

கே: விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். ஷா ஆலாம், கிள்ளான் இரண்டும் என் வட்டாரம். ஜனவரியில் கிள்ளானை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். டார்கெட் மட்டும் குறையவில்லை, ஏறியிருக்கிறது. இப்போது 'டார்கெட் எட்டவில்லை' என்று பி.ஐ.பி.
*– ஷா ஆலாம்*

ப: தோட்டத்தில் பிறந்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், இந்த வித்தையின் வயது தெரியும். பால் வற்றிய கிழட்டு மரங்கள் நிற்கிற நிரையைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் தராசில் பால் குறைகிறது என்று கிராணி சத்தம் போடுவார். மரத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். உங்கள் மேனேஜர் எக்செல் வைத்திருக்கும் கிராணி.

நீங்கள் மரத்தைப் பற்றிப் பேசுங்கள். வட்டாரம் பிரிந்த தேதி, அதற்கு முன் கிள்ளானிலிருந்து வந்த விற்பனை எவ்வளவு, ஷா ஆலாமில் மட்டும் வந்தது எவ்வளவு, அதே டார்கெட் மற்றவர்களுக்கு உண்டா என்று ஒரே பக்கத்தில் எண்களாகப் போட்டு அனுப்புங்கள். 'வாய்ப்புக் கொடுத்தோம்' என்று வாயால் சொல்வது நீதிமன்றத்துக்குப் போதாது. எட்டக்கூடிய வாய்ப்பா என்று பார்ப்பார்கள். எட்ட முடியாத உயரத்தில் கயிற்றைக் கட்டியவர் எவ்வளவு அவகாசம் கொடுத்தாலும் என்ன?

இன்னொன்றையும் விசாரியுங்கள். உங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஆண்டும் இத்தனை சதவீதம் பேர் 'தேறாதவர்' பட்டியலில் விழுந்தே ஆக வேண்டும் என்று மேலிடத்து விதி ஏதும் உண்டா? ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜாக் வெல்ச், 'கடைசிப் பத்து சதவீதம் பேரை வெளியேற்று' என்று சொல்லிப் புகழ்பெற்றவர். மைக்ரோசாப்ட் ஊழியர்களை இப்படி வரிசைப்படுத்தும் முறையை 2013இல் கைவிட்டது. அமெரிக்காவில் கழற்றிப் போட்ட சட்டை ஆசியாவில் புது ஃபேஷனாக வருவது சகஜம். அப்படி ஒரு கணக்குக்காக உங்களைப் போட்டிருந்தால், குறை உங்களிடம் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டதே தவிர, கண்ணில் பட்டதல்ல.

கே: என் தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஓய்வு பெறும்வரை ஒரே வேலை. அவர் காலத்தில் பி.ஐ.பி. உண்டா?
*– செந்தூல் பாசார்*

ப: கிடையாது. இஞ்சின் ஓடினால் ஃபிட்டர் தேறிவிட்டார். அந்தப் பட்டறை வளாகத்தின் ஒரு பழைய கட்டடத்தில் 2005 முதல் நாடகம் போடுகிறார்கள். கோலாலம்பூர் அரங்கக் கலை மையம் அதுதான். இப்போதெல்லாம் நாடகம் ஆபீசிலேயே நடப்பதால் அங்கே போய்ப் பார்க்கப் பலருக்கு நேரமில்லை.

ஆனால் தாத்தா காலம் பொற்காலம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலையை நிறுத்தியபோது சம்பளத்தோடு வைத்த கோரிக்கைகளில் ஒன்று, வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. சைக்கிளை விட்டு இறங்காதவனுக்கும் அன்றைக்கு 'மனப்பான்மை சரியில்லை' என்றுதான் பெயர். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். 1962 டிசம்பரில் ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் சும்மா இல்லை. நாள்கூலிகளை மாதச் சம்பளத்துக்கு மாற்று என்று வாரக்கணக்கில் நின்றார்கள்.

அவர்களுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அவர்களைப் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வைத்துத் திட்டினார்கள். பக்கத்தில் நிற்பவனும் கேட்டான். பி.ஐ.பி.யைக் கண்ணாடி அறைக்குள் தனியாகக் கூப்பிட்டு, மெதுவான குரலில், 'ரகசியம்' என்று முத்திரை போட்டுத் தருகிறார்கள். அடுத்த மேசைக்காரருக்கும் அதே தாள் போயிருப்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் துறையில் தொழிற்சங்கம் இருந்தால் இன்றைக்கே போய்ப் பேசுங்கள். மேனேஜர் பதவி என்றால் சங்கத்தில் சேர இடைஞ்சல் இருக்கலாம். 20ஆம் பிரிவுக்கு அந்தத் தடை கிடையாது.

கே: மீட்டிங் முழுக்க மாண்டரினில் நடக்கும். எனக்கும் ஒரு மலாய்த் தோழிக்கும் புரியாது. கடைசியில் எங்கள் இருவருக்கும் பி.ஐ.பி.: 'குழுவில் கருத்துப் பரிமாற்றம் போதவில்லை.'
*– பெட்டாலிங் ஜெயா*

ப: பரிமாறியவர் தட்டை உங்கள் பக்கம் நகர்த்தாமலே 'சாப்பிடவில்லை' என்று எழுதியிருக்கிறார்.

முதல் வேலை, எழுத்தில் ஒரு கோரிக்கை: மீட்டிங் ஆங்கிலத்திலோ மலாயிலோ நடக்கட்டும், அல்லது குறிப்புகள் அந்த மொழியில் வரட்டும். நாகரிகமாக, தேதியோடு. வேலை ஒப்பந்தத்திலோ விளம்பரத்திலோ மாண்டரின் தேவை என்று இருந்ததா பாருங்கள். இருந்திருந்தால் உங்கள் நிலை பலவீனம், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால், 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் 69எஃப் பிரிவைப் படியுங்கள். வேலையில் பாகுபாடு என்ற தகராறை ஆள்பல இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். பாகுபாடு என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்காமல் விட்டிருக்கிறது என்பது அதன் ஓட்டை. தோழியோடு சேர்ந்து போங்கள். ஒருவர் சொன்னால் 'கூச்சசுபாவி' என்பார்கள். இருவர் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

கே: ஐந்து மாதக் கர்ப்பம். போன வாரம் எச்.ஆரிடம் சொன்னேன். இந்த வாரம் பி.ஐ.பி. வந்துவிட்டது.
*– கெப்போங்*

ப: உங்கள் எச்.ஆர். கேலண்டரைப் பார்த்தார், சட்டத்தைப் பார்க்கவில்லை.

அதே வேலைச் சட்டத்தில் 41ஏ என்ற பிரிவும் 2023இல் வந்தது. கர்ப்பிணியை, அல்லது கர்ப்பத்தால் வந்த நோயோடு இருப்பவரை, வேலையிலிருந்து நீக்குவது குற்றம். விதிவிலக்குகள் மூன்றே: ஒப்பந்தத்தை வேண்டுமென்றே மீறியது, ஒழுங்கீனம், கம்பெனியே மூடப்படுவது. பட்டியலை மறுபடி வாசியுங்கள் அம்மா. 'திறமை போதவில்லை' அதில் இல்லை. காரணம் கர்ப்பம் இல்லை என்று காட்டுவதும் முதலாளியின் பாரம்தான்.

ஆகவே பதில் மின்னஞ்சலில், கர்ப்பத்தை அறிவித்த தேதியும் பி.ஐ.பி. வந்த தேதியும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரட்டும். வேறு விளக்கம் வேண்டாம். சென்னையில் 2015 ஜனவரியில் டி.சி.எஸ். ஆட்களைக் குறைத்தபோது, வேலைநீக்கக் கடிதம் பெற்ற ஒரு கர்ப்பிணி ஊழியர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது. கம்பெனி நீக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நல்லபடியாகப் பெற்றெடுங்கள். 98 நாள் பேறுகால விடுப்பில் ஒரு நாளையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கே: பி.ஐ.பி. முடியும்வரை எம்.சி. போட்டுக்கொண்டே இருந்தால்?
*– காஜாங்*

ப: சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள்தான் சட்டப்படி மருத்துவ விடுப்பு. மூன்று மாதத் திட்டத்தை அதைக் கொண்டு மூட முடியாது, போர்வை சின்னது. உண்மையாகவே தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள், விடுப்பு எடுங்கள், எடுத்த நாள்களுக்கு ஈடாகத் திட்டக் காலத்தை நீட்டச் சொல்லி எழுதுங்கள்.

கே: நான் எச்.ஆர். மேனேஜர். உங்கள் பத்தியைப் படித்தால் நாங்கள் எல்லாரும் வில்லன்கள் போலிருக்கிறது. சில பேர் உண்மையிலேயே வேலை செய்வதில்லை, ஐயா!
*– டாமான்சாரா*

ப: ஒத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்டவர் பக்கத்து மேசையில் இருந்தால் அவர் வேலையையும் சேர்த்துச் செய்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். அவருக்கு பி.ஐ.பி. கொடுங்கள், தப்பே இல்லை. ஆனால் நீங்கள் கொடுக்கிற தாள் நீதிமன்றத்தில் நிற்குமா என்று உங்களுக்கே தெரியும்.

மேனேஜர் சொன்ன 'ஆட்டிட்யூட் சரியில்லை' என்பதை அப்படியே டைப் அடித்துவிட்டு, பயிற்சி என்ற கட்டத்தில் 'தேவைப்பட்டால்' என்று போட்டு, வாராந்திரக் கூட்டம் என்று எழுதிவிட்டு ஒரு கூட்டமும் நடத்தாமல், 90ஆம் நாள் 'தேறவில்லை' என்று முடிக்கிறீர்களா? அதற்கு பி.ஐ.பி. என்று பெயர் வைப்பதைவிட நீண்ட நோட்டீஸ் என்று வைக்கலாம்.

நோட்டீஸ் சம்பளம் கொடுத்து அனுப்பிவிட்டால் காரணத்தை யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையும் உங்கள் தொழிலில் பலருக்கு உண்டு. 1981இல் ஜே. அண்ட் பி. கோட்ஸ் கம்பெனி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்த நம்பிக்கையை முடித்து வைத்தது. முதலாளி ஒரு காரணம் சொன்னால், அந்தக் காரணம் உண்மையா என்று தொழில்துறை நீதிமன்றம் ஆராய வேண்டும். அது நிற்கவில்லை என்றால், முதலாளி சொல்லாத வேறு காரணத்தை நீதிமன்றம் தேடிப் பிடித்துத் தராது. தீர்ப்பை எழுதியவர் ராஜா அஸ்லான் ஷா. பிற்பாடு பேராக் சுல்தானாகி, 1989இல் மாமன்னரும் ஆனார். ஆகவே பி.ஐ.பி.யில் 'திறமை' என்று எழுதிவிட்டு, வழக்கு வந்ததும் 'ஆள்குறைப்பு' என்று மாற்றிப் பேச முடியாது. உள்ளபடிக்கு ஆள்குறைப்புதான் என்றால் அதையே சொல்லி, அதற்குரிய நட்டஈட்டைக் கொடுத்து அனுப்புங்கள். செலவு அதிகம்தான். ஒருவருடைய பெயரைக் கெடுத்து மிச்சம் பிடிப்பதைவிட மரியாதை.

கே: உண்மையைச் சொன்னால், என் பி.ஐ.பி.யில் எழுதியிருப்பது அத்தனையும் சரி.
*– ரவாங்*

ப: இந்தத் தொழிலில் எனக்கு வந்த மிக அபூர்வமான கடிதம். பி.ஐ.பி.யில் தேறி வேலையில் நிலைத்தவர்களும் இருக்கிறார்கள். இதைப் படித்து முடித்ததும் வேலையைப் பாருங்கள்.

கே: சேர்ந்து நாலு மாதம். இன்னும் தகுதிகாண் காலம். 'உனக்கு உரிமையே கிடையாது' என்கிறார்கள்.
*– செலாயாங்*

ப: உண்டு. உங்களையும் காரணமில்லாமல் நீக்க முடியாது. 20ஆம் பிரிவு உங்களுக்கும் திறந்திருக்கிறது. ஜெயித்தால் கிடைக்கும் பின்சம்பளத்துக்கு உச்சவரம்பு 12 மாதம். நிரந்தர ஊழியருக்கு 24.

கே: பி.ஐ.பி. கொடுத்த கையோடு என் டீமை எடுத்துவிட்டார்கள். மேசையை ஸ்டோர் பக்கம் போட்டிருக்கிறார்கள். வேலையே வருவதில்லை. 'நீயே போய்விடு' என்பதுதானே இது? இதற்கு வழக்குப் போடலாம் என்கிறார் நண்பர்.
*– அம்பாங்*

ப: நண்பர் சொல்வதில் விஷயம் இருக்கிறது, அவர் சொல்லாமல் விட்டதும் இருக்கிறது. முதலாளி வாயால் 'போ' என்று சொல்லாமல், ஒப்பந்தத்தின் வேரையே வெட்டி ஊழியரை வெளியேற வைத்தால் அதுவும் நீக்கம்தான். கேத்தே நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. 1988ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் முதலாளி முரடர், நியாயமற்றவர் என்று காட்டினால் மட்டும் போதாது. ஒப்பந்தத்தின் அடிப்படையை மீறினார், அதனால்தான், தாமதிக்காமல் விலகினேன் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஸ்டோர் பக்கத்து மேசையில் எட்டு மாதம் உட்கார்ந்து பழகிவிட்டு அப்புறம் விலகினால், 'அவருக்கே சம்மதம்தானே' என்பார்கள்.

ஆகவே முதலில் எழுத்தில் ஆட்சேபம். எடுத்த பொறுப்பைத் திரும்பக் கொடுக்க ஒரு கெடு. அதற்கு மேல் விலகுவதா என்பதைத் தொழில் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மாமாக் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டு எடுக்கிற முடிவல்ல இது.

கே: 'பி.ஐ.பி.யில் இறங்கி அவமானப்படுவானேன்? மூன்று மாதச் சம்பளம் தருகிறோம், இன்று 5 மணிக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்' என்கிறார்கள். 11 வருஷச் சேவை. போடலாமா?
*– பத்து கேவ்ஸ்*

ப: 5 மணிக்குக் காலாவதியாகிற தொகை 6 மணிக்கும் இருக்கும். 'வீட்டில் கலந்து பேச வேண்டும், இத்தனாம் தேதி பதில் சொல்கிறேன்' என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு பஸ் ஏறுங்கள்.

வீட்டில் போட வேண்டிய கணக்கு இது. நியாயமற்ற நீக்கம் என்று தீர்ப்பானால், மறுபடி வேலையில் சேர்க்காத பட்சத்தில் சேவை ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் ஈடாகக் கொடுப்பது வழக்கம். உங்களுக்கு 11 மாதம். அதற்கு மேல் பின்சம்பளம், 24 மாதம் வரை. இடையில் வேறு வேலை கிடைத்துச் சம்பாதித்தால் அதிலிருந்து கழிப்பார்கள். உங்கள் பக்கமும் தவறு இருந்தால் அதற்கும் கழிப்பார்கள். இது கையில் இருக்கும் காசு அல்ல. ஜெயிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், நடுவில் வீட்டுக் கடன் காத்திருக்காது. அந்த ஆபத்துக்கெல்லாம் கழித்தாலும், 11 வருஷத்துக்கு மூன்று மாதம் என்பது கடைக்காரர் முதலில் சொல்லிப் பார்க்கிற விலை. பேரம் பேசுங்கள். பணத்தோடு, நல்ல சான்றுக் கடிதமும் கேளுங்கள். தொகை மனசுக்கு ஒத்துவந்தால் வாங்கிக்கொண்டு கிளம்புவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

'எழுதிக் கொடு, இல்லாவிட்டால் நீக்குவோம்' என்று மிரட்டி வாங்கிய ராஜினாமா சட்டத்தின் கண்ணில் நீக்கமே. மிரட்டினார்கள் என்பதை மட்டும் நீங்கள் காட்ட வேண்டும். அப்படி ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டவர் இதைப் படித்தால், நடந்ததை இன்றிரவே மின்னஞ்சலில் கம்பெனிக்கு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து வருகிற ஞாபகத்துக்கு மதிப்புக் குறைவு.

கே: மருமகனுக்கு பி.ஐ.பி. என் மகளிடம் சொல்லாமல் மறைக்கிறார். எனக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. நான் என்ன செய்ய?
*– கிள்ளான்*

ப: 'எப்படியோ' என்பதை இருவரிடமும் விளக்கத் தயாராகுங்கள் மாமா. அதற்கு முன், அவரைத் தனியே கூப்பிட்டு, 'கார் தவணை எவ்வளவு, நான் இரண்டு மாதம் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லுங்கள். ராஜினாமா எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பயத்தில்தான் எழுதுகிறார்கள். பயம் பாதி குறைந்தால் மகளிடம் அவரே சொல்லிவிடுவார்.

கே: சும்மா சட்டம் பேசுகிறீர்கள். பெரிய கம்பெனியை எதிர்த்து ஜெயித்த ஆள் ஒருத்தரைக் காட்டுங்கள்.
*– செந்தூல் டாலாம்*

ப: சென்னைக்கு வாருங்கள். மறுபடியும் டி.சி.எஸ். எட்டு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த பொறியாளர் ஒருவரை 2015இல் நீக்கினார்கள். அவர் தொழிலாளர் நீதிமன்றம் போனார். கம்பெனி வைத்த வாதங்களில் முக்கியமானது, அவர் மேலாளர் பதவியில் இருந்தவர், 'தொழிலாளி' என்ற சட்டச் சொல்லுக்குள் வரமாட்டார் என்பது. பெயரில் மேனேஜர் இருந்தால் போதாது, செய்த வேலையைப் பார் என்பதுதான் இந்தியச் சட்டம். 2022இல் தீர்ப்பு: வேலையில் மறுபடி சேர்த்துக்கொள், இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முழுச் சம்பளமும் கொடு. ஜெயித்தார். ஏழு வருஷம் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு உங்களைக் கோர்ட்டுக்கு அனுப்பினால் நானும் எச்.ஆர். ஆகிவிடுவேன்.

நம் ஊரில் அந்தச் சண்டையில் பாதி தேவையில்லை. இங்கே ஒப்பந்தத்தின்கீழ் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் மேனேஜரானாலும் 'தொழிலாளி'க்குள் அடங்குவார். 2021 ஜனவரி முதல், சமரசம் முறிந்தால் வழக்கு நேரே தொழில்துறை நீதிமன்றத்துக்குப் போகிறது. அதற்கு முன் அனுப்புவதா வேண்டாமா என்று அமைச்சர் முடிவு செய்துகொண்டிருந்தார். சமரசப் பேச்சில் வழக்கறிஞருக்கு அனுமதி இல்லை, கம்பெனிக்கும்தான். உங்களோடு தொழிற்சங்கக்காரர் உட்காரலாம். ஆனால் ஏழு வருஷ முழுச் சம்பளம் என்ற கனவு இங்கே செல்லாது. 24 மாதத்தோடு கதவு சாத்தப்படும். வேகமும் வரம்பும் சேர்ந்தே வருகின்றன.

கே: போன மாதம் நீக்கிவிட்டார்கள். கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீடு செய்திருக்கிறேன். பதில் வரட்டும், தீபாவளி முடியட்டும், பிறகு இலாகாவுக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.
*– கிள்ளான்*

ப: போகவே மாட்டேன் என்று சொல்வதற்குச் சமம் இது. நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் மனு பதிவாக வேண்டும். நோட்டீஸ் கொடுத்து நீக்கியிருந்தால் நோட்டீஸ் காலத்திலேயே போகலாம். கடைசி நாள், நோட்டீஸ் முடிந்ததிலிருந்து 60ஆம் நாள். ஞாயிறும் தீபாவளியும் அந்தக் கணக்கில் அடக்கம். கம்பெனிக்குள் போட்ட மேல்முறையீடு கணக்கை நிறுத்தி வைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். பதில் 61ஆம் நாள் வருவதற்கு அவர்களுக்கு எல்லாக் காரணமும் உண்டு. 61ஆம் நாள் போனால் வழக்கு எவ்வளவு பலமானதாக இருந்தாலும் அதிகாரியால் எடுத்துக்கொள்ள முடியாது, மன்னிப்பும் கிடையாது. மனுவுக்குக் கட்டணம் இல்லை. நீக்கக் கடிதம், வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, ஐ.சி., அந்த பி.ஐ.பி. தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் பசியாறிவிட்டு நேரே இலாகாவுக்குப் போங்கள்.